உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் பர்மனென்ட்

1

படப்பையிலும் சேரப்பணஞ்சேரியிலும் இருக்கிற என் சொந்தக்காரர்கள் போனில் தவறாமல் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "அங்க வூட்டுக்குள்ள கூட இங்கிலீஷ்தான் பேசிக்குவீங்களாமே, நெஜமா?" அதெல்லாம் இல்லை, வீட்டில் தமிழ்தான் என்று இத்தனை வருஷமாகப் பெருமையோடு சொல்லிவந்தேன். போன மாதம் என் சித்தி மகள் இதையே கேட்டபோது, அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். அடுப்பில் பாலும் இல்லை, தண்ணீரும் இல்லை.

அப்படிப் பொய் சொல்ல வேண்டி வந்த கதையைத்தான் எழுதுகிறேன். ஊரை விட்டு வந்தவர்கள் எழுத உட்கார்ந்தால் பனி, தனிமை, கறிவேப்பிலை கிடைக்காத சோகம் என்று ஆரம்பிப்பார்கள். நான் இருப்பது ஆஸ்திரேலியாவில், அடிலெய்டு நகரத்தில். இங்கே பனி பெய்வதில்லை. கறிவேப்பிலை எங்கள் வீட்டுப் பின்புறத்திலேயே தொட்டியில் வளர்கிறது. ஆகவே அந்த வசதிகள் எதுவும் எனக்கு இல்லை. என்னிடம் இருப்பது ஒரு பஸ் கதைதான்.

என் பெயர் எமிலி. எங்கள் ஊரில் வேதக்கார வீட்டுப் பெண்களுக்கு இப்படித்தான் பெயர் வைப்பார்கள். பெயரைத் தவிர எங்கள் வீட்டில் இங்கிலீஷாக இருந்தது வேறொன்றும் இல்லை. ஜெபம் தமிழ், பாட்டு தமிழ், சண்டை அதைவிடத் தமிழ். ஆனாலும் ஊரில் எல்லோரும், "உனுக்கு இன்னா பயம், பேரே இங்கிலீஷ்ல கீது" என்பார்கள். இங்கே வந்த பிறகு அதன் மறுபக்கத்தைப் பார்த்தேன். முதன்முதலில் வாடகை வீடு கேட்டு போன் செய்தபோது வீட்டுக்காரர் அவ்வளவு அன்பாகப் பேசினார். நேரில் போய் நின்றதும் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, எமிலி எங்கே என்று கேட்டார். நான்தான் என்றேன். இல்லை, போனில் பேசிய எமிலி என்றார்.

முதியோர் இல்லம் ஒன்றில் நர்ஸ் வேலை எனக்கு. என் கணவர் ஏழுமலை ரொட்டித் தொழிற்சாலையில் இருக்கிறார். மகள் மலர் பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம் படிக்கிறாள். எங்கள் வீட்டில் ரொம்ப நாளாக ஓர் ஏற்பாடு நடந்துவந்தது. ராத்திரிச் சாப்பாட்டு மேஜையில் ஏழுமலை தமிழில் பேசுவார், மலர் இங்கிலீஷில் பதில் சொல்வாள். அவர் சொல்வது அவளுக்கும் அவள் சொல்வது அவருக்கும் முக்கால்வாசி புரியும். மீதிக் கால்வாசியில்தான் குடும்பம் சண்டையில்லாமல் நடந்தது என்று நினைக்கிறேன்.

2

அந்த ஏற்பாட்டைக் கெடுத்தது கொஞ்சம் தாளிப்பு வடகம்.

லீவுக்கு ஊருக்குப் போய்த் திரும்பி வந்து விமான நிலையத்தில் இறங்கினோம். எனக்கும் மலருக்கும் இந்த நாட்டுக் குடியுரிமை இருக்கிறது. ஏழுமலை வெறும் பர்மனென்ட் ரெசிடென்ட். குடியுரிமைக்கு இங்கிலீஷில் ஒரு தேர்வு எழுத வேண்டும். அவர் அதைத் தள்ளிப்போட்டே காலத்தை ஓட்டிவிட்டார். ஆகவே நாங்கள் ஒரு வரிசை, அவர் வேறொரு வரிசை. நாங்கள் முதலில் முடித்து, திரும்பிப் போக விடாத தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றபோது அவர் அந்தப் பக்கம் உணவுப் பொருள் சோதிக்கிற மேஜைமுன் நின்றுகொண்டிருந்தார். அதிகாரி ஒரு கறுப்பு உருண்டையை விரல் நுனியில் பிடித்துத் தூக்கிக்காட்டி, இது என்ன என்று கேட்டாள். அவருடைய அக்கா செய்து கொடுத்த வடகம் அது. சின்ன வெங்காயம் எத்தனை நாள் வெயில் காய வேண்டும், உருட்டும்போது விளக்கெண்ணெய் எப்போது தொட வேண்டும் என்று அந்த மனிதரைக் கேட்டால் அரை நாள் பேசுவார். அங்கே நின்று "ஃபுட்" என்றார். என்ன மாதிரி உணவு என்று அவள் மறுபடி கேட்டாள். கொஞ்சம் யோசித்து "குட் ஃபுட்" என்றார். சோதனை நாய் ஒன்று வந்து முகர்ந்து தும்மிவிட்டுப் போயிற்று. வடகம் குப்பைக்குப் போயிற்று.

இதையெல்லாம் மலர் பார்த்துக்கொண்டிருந்தாள். காரில் வரும்போது, அப்பா ஏதோ திருடி மாட்டிக்கொண்ட ஆள் மாதிரி நின்றார் என்று இங்கிலீஷில் சொன்னாள். வீட்டுக்கு வந்து பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை, சட்டம் போட்டுவிட்டாள். அப்பா அந்தத் தேர்வு எழுதித் தேற வேண்டும், அடுத்த தடவை மூன்று பேரும் ஒரே வரிசையில் நிற்க வேண்டும். அதுவரைக்கும் சாப்பாட்டு மேஜையில் இங்கிலீஷ் மட்டும்தான். யாராவது தமிழில் ஒரு வார்த்தை பேசினால் அன்றைய பாத்திரம் முழுக்க அவர்களே கழுவ வேண்டும். பாத்திரம் கழுவுகிற இயந்திரம் எங்கள் வீட்டிலும் இருக்கிறது. எல்லாத் தமிழ் வீடுகளையும் போல நாங்களும் அதில் கையால் கழுவிய தட்டை அடுக்கிவைத்திருக்கிறோம்.

நல்ல பிள்ளை. அப்பாமேல் உள்ள பிரியத்தில் செய்தாள். ஆனால் சட்டத்தைக் கேட்டதும் ஏழுமலை என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். இதே சட்டத்தை நாங்கள் இரண்டு பேரும் ஏற்கெனவே ஒரு தடவை அனுபவித்தவர்கள்.

3

1991ஆம் வருஷம். அந்த வருஷம் ஸ்ரீபெரும்புதூரின் பெயர் உலகம் முழுக்கச் செய்தியில் வந்தது. அதை எழுதப் பெரிய ஆட்கள் இருக்கிறார்கள். அதே வருஷம், அதே சாலையில் நடந்த என் கதை எந்தச் செய்தியிலும் வரவில்லை. அதை எழுத என்னை விட்டால் ஆள் கிடையாது.

இப்போது ஒரகடம் பக்கம் போகிறவர்களுக்குக் கண்ணுக்கெட்டிய தூரம் கார் கம்பெனிச் சுவர்தான் தெரியும். அப்போது புழுதியும் நெல் வயலும், எப்போதாவது ஒரு லாரியும்தான். ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி காஞ்சிபுரம் போகிற சாலையில் பம்ப் மோட்டார் செய்கிற ஒரு கம்பெனி இருந்தது. நான் அங்கே மோட்டாருக்குச் செம்புக் கம்பிச் சுருள், அதாவது காயில், சுற்றுகிற வேலையில் டிரெயினியாகச் சேர்ந்திருந்தேன். எங்கள் பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு ஒரு கம்பெனி பஸ் போகும். எல்லோரும் டிரெயினிகள். எல்லோருக்கும் ஒரே கனவு, பர்மனென்ட் ஆக வேண்டும். எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லுக்குக் கல்யாணச் சந்தையில்கூட மதிப்பு உண்டு.

ஏழுமலையும் அதே பஸ்தான். கல்யாணத்துக்கு முந்தின பகுதி என்பதால் இங்கே "அவன்" என்றே எழுதுகிறேன். அப்போது அவன் "அவர்" ஆகியிருக்கவில்லை.

மெட்ராஸிலிருந்து தினம் வருகிற பர்சனல் ஆபீசர் ஒருவர் இருந்தார். நாட்டின் கதவு திறக்கப்போகிறது, வெளிநாட்டுக்காரர்கள் கூட்டுச் சேர வருகிறார்கள், அவர்கள் கேள்வி கேட்டால் நீங்கள் தலையைச் சொறியக் கூடாது என்று கேன்டீனில் நிற்கவைத்துப் பேசினார். மறுநாளிலிருந்து ஷிப்டுக்கு முன்னால் இங்கிலீஷ் பாடம். கேன்டீன் சுவரில் தண்ணீர் டிரம்முக்கு மேலே பெயின்டால் எழுதிவைத்தார்கள்: ஐ கோ, ஐ வென்ட், ஐ ஹேவ் கான். தண்ணீர் பிடிக்கப் போகிறவர்கள் அதைப் படித்துவிட்டுத்தான் டம்ளரை நீட்ட வேண்டும். "இஸ் திஸ் எ மோட்டார்?" என்று அவர் கேட்பார். "எஸ், திஸ் இஸ் எ மோட்டார்" என்று நாங்கள் கோரஸாகச் சொல்வோம். மோட்டார் கம்பெனிக்கு வந்து மோட்டாரைக் காட்டி இது மோட்டாரா என்று கேட்கிற வெளிநாட்டுக்காரன் எப்படிப்பட்டவனாக இருப்பான் என்று எனக்கு அப்போதே சந்தேகம்.

பாடம் ஏறவில்லை. ஏறாததற்குக் காரணம் பஸ் என்று பர்சனல் ஆபீசர் கண்டுபிடித்தார். வரும்போதும் போகும்போதும் தமிழிலேயே பேசித் தீர்த்தால் இங்கிலீஷ் எங்கே தங்கும்? ஆகவே ஒரு நாள் காலை அவரே பஸ்ஸில் ஏறி வந்து சட்டம் போட்டார். பஸ்ஸுக்குள் இங்கிலீஷ் மட்டும். தமிழ் பேசியவர் எழுந்து கம்பெனி வாசல் வரைக்கும் நின்றுகொண்டே வர வேண்டும். வாசலில் அவர் நின்று பார்ப்பார். யார் நிற்கிறார்களோ அவர்கள் தமிழ் பேசியவர்கள். பேசிவிட்டு உட்கார்ந்தே வந்தவரைப் பக்கத்து சீட்டில் இருப்பவர் காட்டிக்கொடுக்க வேண்டும். மூன்று தடவை நின்றவருக்கு பர்மனென்ட் கிடையாது. அதோடு, ஒற்றை வார்த்தை இங்கிலீஷ் செல்லாது, முழு வாக்கியமாகச் சொல்ல வேண்டும். ஒற்றை வார்த்தை இங்கிலீஷை எங்கள் ஊர் மாட்டு வண்டிக்காரரும் பேசுவார் என்றார். அது உண்மைதான்.

அப்போதுதான் ஏழுமலை கையைத் தூக்கினான்.

"சார், ஒரு டவுட்டு. செகண்ட் ஷிப்ட், மெயின் லைன் ஜாம், சூப்பர்வைசர் டென்ஷன், ஓட்டி கேன்சல். இதுல தமிழ் எங்க சார் கீது?"

ஓட்டி என்பது எங்கள் பாஷையில் ஓவர்டைம். பர்சனல் ஆபீசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"'இதுல தமிழ் எங்க சார் கீது' என்றாயே, அது தமிழ். எழுந்து நில்."

அந்தச் சட்டத்தில் முதலில் எழுந்து நின்றவன் அவன்தான்.

4

அதற்கப்புறம் அந்த பஸ்ஸில் ஒரு சத்தம் கிடையாது. இங்கிலீஷ் பேசத் தெரியாது. தமிழ் பேசினால் வேலை போய்விடும். மிச்சம் இருந்தது வாயை மூடிக்கொள்வதுதான். முதல் நாள் வரைக்கும் சந்தைக்கடையாக இருந்த வண்டி, மறுநாள் சாவு வீட்டுக்குப் போகிற வண்டியைப் போல ஆயிற்று. சாவு வீட்டு வண்டியிலாவது அழுகைச் சத்தம் கேட்கும். ஜன்னல் ஓரமாக இருந்தவர் பீடிக்கு நெருப்பு வேண்டுமென்றால் கையால் சைகை செய்வார். பக்கத்தில் இருந்த பெண்ணின் புடவை கம்பியில் மாட்டிக் கிழிகிறதைப் பார்த்துக்கொண்டே நான் ஒரு வாக்கியம் யோசித்தேன். வாக்கியம் முடிவதற்குள் புடவை கிழிந்து முடிந்தது.

ஏழுமலை என்ன செய்தான் தெரியுமா? மறுநாள் பஸ்ஸில் ஏறினான். காலி சீட்டைப் பார்த்தான். உட்காராமல் டிரைவர் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான்.

"நான் இன்னும் ஒண்ணுமே பேசல. முன்னாடியே நின்னுட்டேன். இனிமே பேசலாம் இல்ல? குந்திகினு வாய மூடிகினு வர்றதுக்கு, நின்னுகினு பேசிகினு வர்லாம்."

அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். ஏறும்போதே நின்றுகொள்வான், வழி முழுக்கப் பேசுவான். யார் வயலுக்கு மெட்ராஸ்காரன் அட்வான்ஸ் கொடுத்தான், யார் வீட்டு மாடு கிணற்றில் விழுந்தது, எந்த மாமியார் எந்த மருமகளை எந்த வார்த்தையால் திட்டினாள், எல்லாம் அவன் வாயிலிருந்துதான் எங்களுக்குத் தெரியும். நடுவில் டிரைவருக்கும் சொல்வான்: "அண்ணே, தோ பள்ளம் கீது, மெதுவா." நாங்கள் உட்கார்ந்தபடி சிரிப்போம். சிரிப்பு தமிழா இங்கிலீஷா என்று ஒரு பிரச்சினை வந்தது. எங்களில் கொஞ்சம் படித்தவர், மோட்டாரைச் சோதிக்கிற செக்கர் வேலையில் டிரெயினியாக இருந்த கோதண்டம், சிரிப்புக்குப் பாஷை கிடையாது என்று சைகையிலேயே தீர்ப்புச் சொன்னார்.

மூன்று தடவை நின்றால் பர்மனென்ட் இல்லை. அவன் மூன்றாவது நாளிலேயே அந்தக் கணக்கை முடித்துவிட்டான். ஒரு நாள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நான் கேட்டேன். பஸ்ஸுக்கு வெளியே தமிழ் பேசலாம்.

"இப்டி பேசிப் பேசி வேலைய வுட்டுட்டா அப்பால இன்னா பண்ணுவ?"

"பேசாம இருந்தா எனுக்கு தல வலிக்குது எமிலி. இன்னா பண்ணச் சொல்ற?"

வெளிநாட்டுக்காரர்கள் ஒரு திங்கட்கிழமை வருவதாக இருந்தது. அதற்கு முந்தின சனிக்கிழமை ஏழுமலையைக் கூப்பிட்டுக் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். பஸ் வந்து நிற்கும்போது அதில் ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தால் வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்பது பர்சனல் ஆபீசரின் கவலை.

5

அந்தத் திங்கட்கிழமைதான் எங்கள் வண்டிக்குக் கேடுகாலம் வந்தது.

பழைய டிரைவர் விலகிப் போய், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒருவர் புதிதாக வெள்ளிக்கிழமைதான் சேர்ந்திருந்தார். வெள்ளியும் சனியும் ஏழுமலை பக்கத்தில் நின்று ஒவ்வொரு திருப்பத்தையும் சொல்லிக்கொண்டே வந்தான். அவரும் சாலையைப் பார்க்காமல் அவன் வாயைப் பார்த்தே ஓட்டினார். திங்கட்கிழமை கம்பிப் பக்கம் ஆள் இல்லை.

ஒரகடம் தாண்டி நேராக வந்து ஸ்ரீபெரும்புதூரில் பெரிய சாலையைத் தொட்டதும் இடது பக்கம் திரும்பினால் காஞ்சிபுரம் வழி, எங்கள் கம்பெனி. வலது பக்கம் திரும்பினால் மெட்ராஸ். டிரைவர் வண்டியை மெதுவாக்கிப் பின்னால் திரும்பிக் கேட்டார்.

"எந்தப் பக்கம்யா திருப்பணும்? யாராச்சும் சொல்லுங்க."

பஸ் முழுக்க ஆள். எல்லோருக்கும் வழி தெரியும். லெப்டு என்கிற சொல்லும் தெரியும். ஆனால் ஒற்றை வார்த்தை செல்லாது. கோதண்டம் வாயைத் திறந்தார், "யூ" என்றார், அதற்குப் பக்கத்தில் எதைப் போடுவது என்று தெரியாமல் மூடிக்கொண்டார். நான் மனதுக்குள் அழகாக ஒரு வாக்கியம் கட்டிக்கொண்டிருந்தேன். டிரைவர் அதுவரைக்கும் காத்திருக்கவில்லை. பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடிக்க, வலது பக்கம் ஒடித்துத் திருப்பிவிட்டார்.

இப்போது என் வாக்கியம் தயார். ஆனால் நீ திரும்ப வேண்டும் என்று சொல்வதற்கான வேளை தாண்டிவிட்டது. திரும்பியிருக்க வேண்டும் என்று சொல்ல வேண்டும். கேன்டீன் சுவரில் அந்தப் பாடம் இன்னும் வரவில்லை.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். யாராவது ஒருவர் தமிழில் சொல்லிவிட்டு எழுந்து நின்றால் போதும். அவரை ஆயுசுக்கும் கும்பிடத் தயாராக இருந்தோம். எழுந்திருக்க மட்டும் யாரும் தயாராக இல்லை. இருங்காட்டுக்கோட்டை போயிற்று. வண்டி நல்ல வேகம். கண்ணாடியில் பார்த்த டிரைவர், இவ்வளவு நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறார்களே, வழி சரிதான் என்று முடிவு செய்திருப்பார். கடைசியில் அவருக்கே சந்தேகம் வந்து ஏதோ ஒரு பக்கச் சாலையில் திருப்பினார். திருப்பி ஒரு மேட்டடியில் நிறுத்தினார். மேட்டுக்கு மேலே ஏறிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். எதிரே கண்ணுக்கெட்டிய வரைக்கும் தண்ணீர், செம்பரம்பாக்கம் ஏரி.

"என்னய்யா இது? கம்பெனி தண்ணிக்குள்ளயா இருக்கு? வாயில கொழுக்கட்டையா வச்சிருக்கிய அத்தன பேரும்?"

நாங்கள் இறங்கினோம். சட்டம் பஸ்ஸுக்குள் மட்டும்தான். ஆகவே கால் தரையில் பட்டதும் அத்தனை வாயும் ஒன்றாகத் திறந்தது.

"லெப்ட்ல வுட வேண்டிய வண்டிய ரைட்ல வுட்டுட்டியே."

"கண்ணு இன்னா பொடனியிலயா கீது உனுக்கு?"

"நான் அப்பவே நெனச்சேன்."

"நெனச்சியே, சொல்றதுக்கு இன்னா?"

"நீ சொல்றதுதானே?"

அந்த ஏரிக்கரையில் மேய்ந்துகொண்டிருந்த எருமைகள்கூடத் தலையைத் தூக்கிப் பார்த்தன. அத்தனை நாள் அடக்கிவைத்த பேச்சு. டிரைவருக்குத் தரையில் நின்றபடியே திரும்பிப் போகிற வழி முழுவதையும் கோதண்டம் குச்சியால் கோடு போட்டுக் காட்டினார். எங்கே திரும்ப வேண்டும், எங்கே பள்ளம், எங்கே மாடு குறுக்கே வரும், எல்லாம் சொல்லி முடித்தோம். முடித்துவிட்டு ஏறி உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டோம்.

"இவுங்களுக்கு எதுவும் கோளாறா?" என்று டிரைவர் யாரையோ கேட்டுக்கொண்டே வண்டியை எடுத்தார்.

கம்பெனி வாசலில் பர்சனல் ஆபீசர் கழுத்தில் டையோடு, முகமெல்லாம் வேர்வையோடு நின்றார். உள்ளே வெளிநாட்டுக்காரர்கள் ஆள் இல்லாத லைனைச் சுற்றிப் பார்த்து, டீயும் குடித்து முடித்திருந்தார்கள். அவர்கள் இத்தாலிக்காரர்கள். மொழிபெயர்க்க ஓர் ஆளைக் கூடவே அழைத்து வந்திருந்தார்கள், ஏனென்றால் அவர்களுக்கும் இங்கிலீஷ் வராது. பர்சனல் ஆபீசர் பழக்கத்தில் பஸ்ஸுக்குள் எட்டிப் பார்த்தார். ஒருவர்கூட நிற்கவில்லை. சட்டப்படி நாங்கள் அத்தனை பேரும் தேறியவர்கள்.

அந்த வருஷம் முடிவதற்குள் அந்த பஸ்ஸில் உட்கார்ந்திருந்த எல்லோரும் பர்மனென்ட் ஆனோம். சில வருஷங்களில் கம்பெனியை மூடிவிட்டார்கள். நாங்கள் பர்மனென்ட்டாக இருந்தோம், கம்பெனிதான் இல்லை.

6

அதற்கப்புறம் நான் நர்சிங் படித்தேன். படப்பையிலிருந்து டவுன் பஸ்ஸில் போகிறபோது ஒரு நாள் ஏழுமலையைப் பார்த்தேன். மறைமலை நகரில் வேறொரு இடத்தில் வேலை என்றான். பஸ்ஸில் பாதி சீட் காலி. அவன் நின்றுகொண்டிருந்தான். குந்து என்றேன். பழகிப்போச்சு என்றான். இறங்குகிற வரைக்கும் பேசிக்கொண்டே வந்தான். அந்தப் பேச்சுக்காகத்தான் இரண்டு வீட்டிலும் சண்டை போட்டு, சாமியும் சர்ச்சும் ஒத்துக்கொள்ளாத கல்யாணத்தைச் செய்துகொண்டேன். மஸ்கட்டில் சில வருஷம், பிறகு இங்கே. எந்த நாட்டிலும் என் வீட்டில் பேச்சுக்குப் பஞ்சம் வந்ததில்லை.

மலரின் சட்டம் வந்த பிறகு வந்தது.

மேஜையில் மூன்று பேர். "ரசம் இஸ் ஹாட்" என்பார் ஏழுமலை. "எஸ், இட் இஸ் ஹாட்" என்பேன் நான். வெரி குட் அப்பா என்பாள் மலர். அதோடு அன்றைய சம்பாஷணை முடிந்துவிடும். இஸ் திஸ் எ மோட்டார், எஸ், திஸ் இஸ் எ மோட்டார். முதல் வாரம் எனக்குச் சிரிப்பாக இருந்தது. அப்புறம் சிரிப்பு போயிற்று. ரொட்டி இயந்திரத்தில் மாட்டிக்கொண்ட தொப்பியைப் பற்றியோ, கூட வேலை செய்கிற வியட்நாம்காரர் வீட்டுப் பூனையைப் பற்றியோ அவர் சொல்லவில்லை. மேஜையை விட்டு எழுந்த பிறகு சொல்லலாம்தானே என்று கேட்பீர்கள். சொல்லவில்லை. சாப்பாட்டோடு வருகிற பேச்சு அவருடையது. சாப்பாடு முடிந்தால் போய்ப் படுத்துவிடுவார். மலரும் காதில் ஒன்றை மாட்டிக்கொண்டு அறைக்குள் போய்விடுவாள். முன்பாவது அவர் தமிழில் எதையாவது சொல்ல, அவள் இங்கிலீஷில் திட்டுவதற்காவது உட்கார்ந்திருப்பாள்.

எனக்குப் பயம் வந்தது என் வேலையிடத்தில். அங்கே ஒரு கிரேக்கப் பாட்டியம்மா இருக்கிறார். இளம் வயதில் இங்கே வந்து, கடை வைத்து, இங்கிலீஷில் வியாபாரம் செய்து, வரி கட்டி வாழ்ந்தவர். இப்போது மூளை தளர்ந்து, கற்றுக்கொண்ட இங்கிலீஷ் முழுவதும் போய்விட்டது. பிறந்த பாஷைதான் மிச்சம். பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை வருவார்கள். அவர்களுக்கு கிரேக்கம் தெரியாது. தலையைத் தடவிவிட்டுப் போவார்கள். அந்த அம்மா என்னிடம் கிரேக்கத்தில் பேசுகிறார். நான் தமிழில் பதில் சொல்கிறேன். "ஆமாம்மா, அப்படியா, அவன் அப்படியா சொன்னான், இருக்கட்டும் விடுங்க" என்பேன். அவருக்கு அது போதுமாக இருக்கிறது. நாளைக்கு ஏழுமலைக்கு இப்படி ஒரு நாள் வந்தால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஆமாம்பா, அப்படியா என்று கேட்க யார் இருப்பார்கள் என்று நினைத்தேன். குடியுரிமை வராவிட்டால் போகிறது, என் வீட்டு மனுஷனின் பேச்சு நின்றுவிடக் கூடாது என்று இருந்தது எனக்கு.

இருந்தும் மலரிடம் சொல்லவில்லை. மேஜையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்து, எஸ், இட் இஸ் ஹாட் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். பழக்கம்.

7

போன வெள்ளிக்கிழமை. சோறும் மீன் குழம்பும் மேஜையில் இருந்தது. நானும் மலரும் உட்கார்ந்துவிட்டோம். ஏழுமலை உட்காரவில்லை. நேராக சிங்க்குக்குப் போய், சமைத்த பாத்திரங்களை எடுத்துப்போட்டு, சட்டைக் கையை மடித்து, தேய்க்க ஆரம்பித்தார். இன்னும் சாப்பிடவே இல்லையே என்று மலர் இங்கிலீஷில் கேட்டாள்.

"தெரியும் கண்ணு. இன்னிக்கு பாத்திரம் பூரா என்னுது. முன்னாடியே ஆரம்பிச்சுட்டேன். இனிமே நான் பேசலாம் இல்ல?"

மலர் யோசித்தாள். அவள் போட்ட சட்டத்தில் ஓட்டை இருக்கிறதா என்று தேடுகிற முகம். ஓட்டை இருந்தது, ஆனால் அது அவர் பக்கம் இருந்தது.

அவர் ஆரம்பித்தார். தொப்பி, பூனை, ஃபோர்மேன், எல்லாம் வரிசையாக வந்தது. தேய்த்துக்கொண்டே, முதுகைக் காட்டிக்கொண்டே பேசினார். அப்புறம், "ஒரு தபா எங்க கம்பெனி பஸ்ஸு வழி தப்பி ஏரிக்குப் போச்சு, தெரியுமா உனுக்கு?" என்றார். மலருக்கு நாங்கள் இதைச் சொன்னதே இல்லை. அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். டிரைவர் திருப்பியதை, லாரி ஹாரன் அடித்ததை, கோதண்டம் "யூ" என்று சொல்லி வாயை மூடியதை அவர் நடித்துக் காட்டினார். சோப்பு நுரை தரையெல்லாம் சிந்தியது. மலர் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள்.

"அப்பால? அப்பால இன்னா ஆச்சு?"

கேட்டது மலர்தான். நாக்கு ஆஸ்திரேலியா, வார்த்தை சேரப்பணஞ்சேரி. கேட்டதும் அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு எழுந்து போய், துண்டை எடுத்து, அப்பா பக்கத்தில் நின்று, அவர் கழுவி வைத்ததைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"அப்பால இன்னா? நான் டிரைவரு பக்கத்துல நின்னுகினு கத்தறேன், அண்ணே லெப்டு, அண்ணே லெப்டுன்னு. அந்தாளு கேக்கவேயில்ல. ஏரியப் பாத்ததும் உங்கம்மா பயந்துகினு ஓன்னு அழுவுறா. நான்தான் கையப் புடிச்சு எறக்கி வுட்டேன்."

என்னால் தாங்க முடியவில்லை.

"யோவ், அந்த வண்டியில நீ எங்கய்யா இருந்த? சனிக்கெழமையே உன்ன வூட்டுக்கு அனுப்பிட்டாங்க. நான் எப்ப அழுதேன்? எவ கையப் புடிச்சு எறக்கின நீ?"

இரண்டு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ஏழுமலையின் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. இதற்காகத்தான் அவர் அந்தப் பொய்யைச் சொன்னாரோ என்று இப்போதும் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. மலர் ஈரக் கரண்டியை என் பக்கம் நீட்டினாள்.

"அம்மா, எழுந்திரு."

சேரப்பணஞ்சேரியிலிருந்து கம்பெனி வாசல் வரைக்கும் ஒரு நாளும் எழுந்து நிற்காமல் பர்மனென்ட் ஆனவள் நான். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன். சிங்க் பக்கம் மூன்று பேர் நிற்க இடம் போதாது. ஏழுமலை கொஞ்சம் நகர்ந்துகொண்டார்.

"நீ அழுத," என்றார்.

"அழுவல," என்றேன்.

"யார் கோதண்டம்?" என்று மலர் கேட்டாள். அவளுக்கு அதிலிருந்து ஆரம்பித்துச் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லி முடிப்பதற்குள் மேஜைமேல் சோறு ஆறிப்போயிற்று.